ஃபீ, மாஃபி

கிளிட்டஸுக்கு ஏக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது ஜெயில் ஏக்கம்தான். வளைகுடாவுக்கு வந்தவர்கள் ஊரை நினைத்து உருகுவார்கள், பிள்ளைகுட்டிகளை நினைத்து உருகுவார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த மனுஷன் மட்டும் குவைத்தில் அடைபட்டுக் கிடந்த ஓர் அறையை நினைத்து உருகுவார். ஷார்ஜாவில், மகள் ஷாஜினியின் முவைலா ஃப்ளாட்டில், ஏசி ஓடும் ஹாலில், சோபாவில் சாய்ந்துகொண்டு, "என்ன இருந்தாலும் அந்த ரூம்ல உறங்கின உறக்கம் வராது, கேட்டியா" என்பார். மனைவி அற்புதராணி அடுக்களையிலிருந்தே, "பின்ன அங்கயே கெடந்திருக்கலாமே, யாரு வேண்டாம்னா?" என்பாள். குடும்ப ஜெபம் போல இதுவும் அந்த வீட்டில் வழக்கமாகிப் போயிருந்தது.

அந்த ஜெயில் கதையில் கதாநாயகன் கிளிட்டஸ் இல்லை. ராமநாதபுரம் பக்கத்து சேதுபதி. "நான் பாத்ததுலயே ஒரே ஆம்பள அவந்தான்" என்றுதான் கதை தொடங்கும். ஷார்ஜா தொழில்பேட்டையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில் கிளிட்டஸ் காலம் பூராவும் வேலை பார்த்தார். அங்கே புதிதாக வந்து சேர்ந்த எவனும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. துப்பாக்கியோடு நின்ற அதிகாரி, எங்கள் தலைவருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்கிறவனுக்கு விடுதலை என்கிறான். சேதுபதி அவன் முகத்துக்கு நேராக 'இல்லை' என்கிறான். இதுதான் கதை. கடைசியில், "நான் சத்தியம் பண்ணிட்டு வெளிய வந்தேன். அவன் பண்ணல" என்று சொல்லிவிட்டு கிளிட்டஸ் எதையோ தேடுகிறவர் போல எழுந்து போய்விடுவார்.

இப்போது கராஜை முதலாளி விற்றுவிட்டார். மாதக் கடைசியோடு கிளிட்டஸுக்கு விசா கேன்சல். அதற்குள் அற்புதராணியோடு ஊருக்குப் போய்விட வேண்டியது, இனிமேல் கடல் தாண்டுவதில்லை என்று முடிவாயிற்று. அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கராஜ் வெல்டர் மணிகண்டன் மஸ்கட்டுக்கு மச்சானைப் பார்க்கப் போய்விட்டு வந்து ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான்.

"அண்ணாச்சி, ரூவியில ஒரு ஓட்டல்ல சாப்பிட்டேன். மாஸ்டர் எங்க பக்கத்து ஆளு. ஒரு காது கேக்காது. குவைத்து ஜெயில்ல வாங்குன அடியாம். பேரக் கேட்டா சேதுபதிங்கிறாரு."

கிளிட்டஸ் கயிற்றை விட்டுவிட்டார். "உயிரோட இருக்கானா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "என்னையப் பத்தி எதாம் சொன்னியா?"

"சொல்லாம இருப்பனா? கொளச்சல் கிளிட்டஸ் அண்ணாச்சி உங்களத் தலையில தூக்கி வச்சு ஆடுறாரு, மாசக் கடைசியில ஊருக்கே போகப் போறாருன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

மணிகண்டன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. கரண்டியப் போட்டுட்டு உள்ள போயிட்டாரு. நான் காசு குடுத்துட்டுக் கிளம்புற வரைக்கும் வெளிய தலையே காட்டல."

அன்றிலிருந்து கிளிட்டஸுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காமல் ஊருக்குப் போனால் சாகிற வரைக்கும் இந்த முள் தொண்டையில் நிற்கும். பார்க்கப் போனால் அவன் முகத்தில் காறித் துப்பவும் கூடும். துப்பினாலும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் அந்த ஒருவன் வாயால், போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அது கிடைக்காமல் விமானம் ஏறுவதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

குவைத்துக் கதை நடந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. மீசைகூடச் சரியாக முளைக்காத அந்தப் பையனை 'அவர்' என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். அதனால் 'அவன்' என்றே சொல்லிவிடலாம்.

அவன் ஒரு குவைத்துக்காரரின் மீன்பிடிப் படகில் வேலை செய்தான். படகை ஓட்டிய அரபிக் கிழவர் நல்ல மனுஷன், ஆனால் எல்லை தெரியாத மனுஷன். வலை வீசக் கூடாத இடத்தில் வீசி மாட்டிக்கொண்டார்கள். கிழவரை முதலாளி மீட்டுக்கொண்டு போனார். கிளிட்டஸை மீட்க யாரும் வரவில்லை. படகில் கிழவரிடம் கற்ற அரபி மட்டும் அவனோடு ஜெயிலுக்கு வந்தது. வலையை விடு, இழு, விரசாக. மீன் ஃபீ என்றால் மீன் உண்டு. மீன் மாஃபி என்றால் மீன் இல்லை. இவ்வளவு போதும், வளைகுடாவில் ஒருவன் பிழைத்துக்கொள்ளலாம்.

சேதுபதி வந்த வழி வேறு. பாலைவனத்துக்குள் எங்கோ ஒரு கட்டிட சைட். அங்கே ஃபோர்மேனிலிருந்து சமையல்காரன் வரை எல்லோரும் இந்தி. அடி தாங்காமல் ஒரு நாள் கேம்பை விட்டு ஓடி, தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தான். கையில் காகிதம் இல்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டது. அவனுக்கு அரபி சுத்தமாக வராது. இந்தி, அடிபட்ட அளவுக்குத் தெரியும்.

இருபது பேர் கிடந்த அறையில் தமிழ் பேசியவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். கிளிட்டஸ் அவனை 'மக்கா' என்றான். சேதுபதி இவனை 'மாப்ள' என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பளி. ராத்திரி ஒருவன் இழுத்தால் மற்றவனுக்குக் குளிரும், அதில் தினமும் சண்டை. காலையில் யார் முதலில் எழுந்தாலும் கம்பளியை அடுத்தவன் மேல் முழுசாகப் போர்த்திவிட்டுத்தான் எழுவான். கிளிட்டஸ் ஏங்குகிற உறக்கம் அந்தக் காலை நேரத்து உறக்கம்தான். அப்படி ஒருவன் போர்த்திவிட்ட உறக்கம் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை.

சாயங்காலம் காய்ந்த ரொட்டியும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் வரும். அதைத் தொண்டைக்குக் கீழே தள்ள இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு நாள் சேதுபதி வாயாலேயே ஆட்டுக்கறி வைப்பான். மறுநாள் கிளிட்டஸ் மீன் குழம்பு வைப்பான். அடுப்பு மூட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எதையும் விடக்கூடாது என்பது சட்டம். கிளிட்டஸ் கடலில் மீன் பிடித்தவனே தவிர, அம்மாவின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தவன் இல்லை. ஆனாலும் விடுவானா? தேங்காய் அரைத்தான், நல்லமிளகும் உள்ளியும் சேர்த்தான், முருங்கைக்காயை நறுக்கிப் போட்டான், புளியைக் கரைத்து ஊற்றினான். ஒரு நாள் எல்லாம் முடிந்த பிறகும் சேதுபதி, "அம்புட்டுத்தானா மாப்ள?" என்று விடாமல் கேட்டான். கிளிட்டஸ் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "எறக்கப் போற நேரம் ஒரு பேரீச்சம்பழத்தப் பிச்சுப் போடணும். அதுதான் கொளச்சல் ரகசியம்" என்று அடித்துவிட்டான். சேதுபதி அதையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டான்.

பிறகு தொண்ணூறாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம் வந்தது. ஒரு விடியற்காலையில் சுவர்கள் அதிர்ந்தன. ஜெயில் காவலர்கள் மாயமானார்கள். வேறு உடுப்புப் போட்ட ஆட்கள் வந்தார்கள். பக்கத்து நாட்டுப் படை உள்ளே புகுந்துவிட்டது, இனி இந்த ஊர் அவர்களுடையது என்று தெரிய வந்தது. சில நாளில் ஓர் அதிகாரி கம்பிக் கதவுக்கு வெளியே நின்று நீளமாகப் பேசினான். படகு அரபியை வைத்துக்கொண்டு கிளிட்டஸ் முடிந்த மட்டும் பொறுக்கினான்.

"மக்கா, எல்லாருக்கும் மன்னிப்பு தாறானுவ! அவனுக்க தலைவருக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணணுமாம். பண்ணினா கேட்டத் தொறந்து விட்டுருவானுவ."

"நமக்கு எதுக்குடா மாப்ள அவன் தலைவரு?"

"தலைவரு யாரா இருந்தா நமக்கென்ன? வெளிய போனா ஓடிருவோம். ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், செரியா?"

"எனக்குப் பாஷ தெரியாதேடா. நான் என்னன்னு சொல்ல?"

அதற்குள் கதவு திறந்துவிட்டது. காவலன் தள்ளத் தொடங்கிவிட்டான். கிளிட்டஸ் அவசரத்தில் சொன்னான்: "பயப்படாதே. மன்னிப்பு தாறானுவ. கேட்டாப் போதும், குடுப்பானுவ. நீ போயிக் கேளு."

முற்றத்தில் வெயில் கொதித்தது. கிளிட்டஸ் முன்னால் நின்றான். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். அதிகாரி சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், பாதி புரியாமலே சொன்னான். உள்ளுக்குள், மாதாவே இதைக் கணக்கில் வைக்காதே என்று சொல்லிக்கொண்டான். அவனைக் கேட் பக்கம் கொண்டுபோய் ரோட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். திரும்பினால் சுடுவேன் என்று காவலன் துப்பாக்கியை ஆட்டிக் காட்டினான். கிளிட்டஸ் ரோட்டைப் பார்த்தபடி, அடுத்து சேதுபதி வந்து பக்கத்தில் நிற்பான் என்று காத்திருந்தான்.

பின்னால் அதிகாரி நீளமாகப் பேசுவது கேட்டது. சேதுபதியிடமிருந்து சத்தமில்லை. மறுபடி பேசினான். சத்தமில்லை. கடைசியில் கூட இருந்த ஒருவன், இந்த வெளிநாட்டானுக்குப் புரியட்டும் என்று சந்தையில் பேசுகிற அரபியில் சுருக்கிக் கேட்டான். விசுவாசம் உண்டா, இல்லையா?

"ஃபீ? மாஃபி?"

சேதுபதியின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "மாஃபி! மாஃபி!"

பளாரென்று ஓர் அறை விழுந்த சத்தம். பிறகு பல சத்தங்கள். யாரையோ தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். கிளிட்டஸ் திரும்பவில்லை.

சத்தியம் செய்தவர்களை லாரியில் ஏற்றிப் பதுங்குகுழி தோண்டக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாளே கிளிட்டஸ் நழுவி, ஊருக்குத் தப்பிக்கொண்டிருந்த இந்தியக் கூட்டத்தோடு சேர்ந்து, பாலைவனம் தாண்டி அம்மான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து இறங்கினான். உயிர் பிழைத்ததற்கு ஊரில் நன்றிப் பூசை வைத்தார்கள். பூசை முடியும்வரை அவன் தலை நிமிரவில்லை. ஒண்ணாப் போவோம் என்று தன்னோடு பேசி வைத்தவன், அங்கே போய் நின்றதும் இல்லை என்றானே, ஏன்? தன் சத்தியத்தைப் பார்த்து அவனுக்கு அருவருத்துப் போயிருக்கும் என்று கிளிட்டஸ் முடிவுகட்டினான். அந்த முடிவை அதற்குப் பிறகு அவர் திறந்து பார்க்கவே இல்லை.

"அப்பா, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஷாஜினி சொல்லிவிட்டாள். அவள் நர்ஸ், நோயாளி முனகுவதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். ஓமான் விசா, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் டியூட்டிக்குப் போகிற வழியில் போனிலேயே முடித்தாள். "பேசுனா பேசட்டும். ஏசுனா ஏசட்டும். இங்க இருந்து கயிறு கெட்டிட்டே அழாதீங்க."

ரூவியில் டாக்சி இறக்கிவிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம். இந்தியக் கடைகளும் சின்னச் சின்ன லாட்ஜுகளுமாக நெருக்கியடித்த தெருவில் அந்த ஓட்டலைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பலகை வைத்திருந்தார்கள். 'கொளச்சல் மீன் குழம்பு கிடைக்கும்' என்று சாக்பீஸில் தமிழில் எழுதியிருந்தது.

கிளிட்டஸ் அதை இரண்டு தடவை படித்தார். ராமநாதபுரத்துக்காரன் சமைக்கிற கடையில் கொளச்சலுக்கு என்ன வேலை? உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தார். வங்காளத்து சப்ளையர் கேட்காமலேயே சோறு வைத்துக் குழம்பை ஊற்றினார். கிளிட்டஸ் பிசைந்து ஒரு வாய் வைத்தார். தேங்காய் இருந்தது. நல்லமிளகு இருந்தது. முருங்கைக்காய் இருந்தது. புளிப்புக்குப் பின்னால், நாக்கின் கடைசியில், லேசாக ஒரு தித்திப்பு வந்து நின்றது.

பேரீச்சம்பழம்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் திறந்த வாயிலிருந்து அழுகைதான் வந்தது. பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார், உறைப்பு என்று நினைத்திருப்பார்.

"இந்தப் பக்கம் உக்காந்தா எனக்கு ஒண்ணும் கேக்காது. அங்கிட்டு நகந்து உக்காரு."

நிமிர்ந்து பார்த்தார். எலும்பும் தோலுமாக இருந்தவன் இப்போது தொப்பை வைத்திருந்தான். தலையில் முடி போய்விட்டது. மஞ்சள் கறை பிடித்த துணியை இடுப்பில் கட்டியிருந்தான். கண்கள் மட்டும் அந்த அறையில் பார்த்த கண்கள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்கிற காதைக் கிளிட்டஸ் பக்கம் கொடுத்து உட்கார்ந்தான்.

"கொழம்பு சரியா இருக்கா? மொதல்ல அதச் சொல்லு. சாப்பிடுறவன்லாம் நல்லாருக்குங்கிறான், கொளச்சல்காரன் மட்டும் ஒரு மாதிரி பாத்துட்டுப் போறான்."

"எடே..." கிளிட்டஸ் மூக்கை உறிஞ்சினார். "எங்க ஊர்ல எவன்டே குழம்புல பேரீச்சம்பழம் போடுவான்? அது அண்ணைக்கு நான் வெளையாட்டுக்குச் சொன்னதுல்லா?"

சேதுபதி மேசையைப் பார்த்தான். "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்ன, நான் செஞ்சேன். நீ சொன்னத எல்லாம் அப்படியே செஞ்சவன்டா நான்."

அதில் ஏதோ ஒரு கோபம் இருந்தது கிளிட்டஸுக்குத் தெரிந்தது. வந்த காரியத்தை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது. பஸ்ஸில் வரும்போது தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"மக்கா, நான் அண்ணைக்குச் சத்தியம் பண்ணிட்டு ஓடினேன். நீ அவனுக்க மூஞ்சிக்கு நேர இல்லன்னு சொன்ன. உனக்க தைரியத்துல ஒரு துண்டு எனக்கு இல்லாமப் போச்சு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"யாரு இல்லன்னு சொன்னா?"

"நீதான். மாஃபி, மாஃபின்னு ரெண்டு தடவ. எனக்க காதால கேட்டேன்."

சேதுபதி அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆத்தாடி" என்றான். "அப்ப நீயும் அப்படித்தான் நெனச்சியா?"

"வேற எப்படி நெனைக்க?"

"எங்க சைட்டு ஃபோர்மேன் பாய் இருந்தாருல்ல, எதுக்கெடுத்தாலும் அடிப்பாரு. அடிச்சிட்டு, 'மாஃபி மாங், மாஃபி மாங்'னு கத்துவாரு. மன்னிப்புக் கேளுடாங்கிறாரு. கையக் கூப்பிக்கிட்டு மாஃபி மாஃபின்னு கத்துனாத்தான் அடி நிக்கும். இந்தியில நான் மொதல்ல படிச்ச வார்த்த அதுதான் மாப்ள. ரேசன் லைன்ல அரபி மாஃபியையும் ஆயிரம் தடவ கேட்டிருக்கேன், தெரியாம இல்ல. ஆனா வகுத்துல பயம் புடிச்சா, அடி வாங்கிப் படிச்ச வார்த்ததான் வாயில வருது."

கிளிட்டஸின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நீ என்ன சொல்லி அனுப்புன? மன்னிப்புத் தாரான், கேட்டாப் போதும்னு சொன்ன. போயி நின்னேன். அந்த ஆபீசர் பேசுனது ஒரு எழவும் புரியல. பக்கத்துல இருந்தவன் 'மாஃபி?'னு கேட்டான் பாரு, எனக்கு அப்படியே உசுரு வந்துச்சு. அட, மன்னிப்பு வேணுமான்னு நமக்குத் தெரிஞ்ச பாஷையிலயே கேக்குறானேன்னு ஒரே சந்தோசம்."

சொல்லிக்கொண்டே சேதுபதி எழுந்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேலே தூக்கிக் கூப்பினான். முதுகை வளைத்தான். முழங்கால் இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரி மடங்கின. அந்தத் தொப்பையோடும் கறைத்துணியோடும் அவன் அப்படி நின்றதைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"இப்படித்தான் நின்னேன். நீதானே மாப்ள கேக்கச் சொன்ன? கேட்டேன்."

கிளிட்டஸ் பார்த்தார். அன்று தன் முதுகுக்குப் பின்னால் நின்றது இதுதான். மார்பை நிமிர்த்தி நின்ற ஒரு வீரனைத்தான் இத்தனை காலமும் ஷார்ஜா பூராவும் கூட்டிக்கொண்டு திரிந்தார். அங்கே நின்றவனோ, தான் சொல்லிக் கொடுத்ததை நம்பி, அடிக்கிறவனிடமே கைகூப்பி நின்ற ஒரு பையன். ஷார்ஜாவில் பட்டான்களோடும் பீகாரிகளோடும் தினமும் இந்தி பேசியவர், 'மாஃப் கரோ பாய்', மன்னித்துவிடு என்று நாளுக்குப் பத்து தடவை சொன்ன வாய். ஒரு நாளாவது அந்த முற்றத்துக் குரலோடு அதைச் சேர்த்துப் பார்த்தாரா? பார்க்கவில்லை. வெட்கப்பட்ட இடத்துக்கு மனுஷன் திரும்பிப் போவதில்லை.

சேதுபதி உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது. "நீ ஒரு தடவ திரும்பியிருந்தா என் கையப் பாத்திருப்ப. உனக்குத்தான் அரபி தெரியுமே. 'சார், அவன் சொல்றது வேற'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்ப. நீ தெரிஞ்சே வாயப் பொத்திக்கிட்டு நின்னன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிருக்கேன். காது வலிக்கும்போதெல்லாம் உன்னத்தான் ஏசுவேன்."

"தெரியாது மக்கா! மாதா ஆணை, சத்தியமா எனக்குத் தெரியாது!"

"உன் சத்தியந்தான் எனக்குத் தெரியுமே" என்றான் சேதுபதி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கிளிட்டஸுக்கு மூச்சு வந்தது.

"நான் உன்ன ஷார்ஜா பூரா வீரன்னு சொல்லி வச்சிருக்கேனே, எடே! எனக்க மகளுக்கு உனக்க கதை மனப்பாடம்."

"நீ மட்டுமா? அந்த ஜெயில்ல ஒரு குவைத்துக்காரப் பெரியவர் இருந்தாரு. அந்தப் படை ஓடுனப்பறம் எல்லாத்துக்கும் முன்னாடி என் நெத்தியில முத்தம் குடுத்தாரு. எதுக்குன்னே தெரியாம முழிச்சிக்கிருந்தேன். ஒரு மலையாளத்துக்காரர்தான், 'நீ இல்லன்னு சொன்னியாமே, அதுக்காக்கும்'னு விளக்குனாரு. வேலையும் வாங்கிக் குடுத்தாங்க. வீரன்னு கூப்புட்டு வேல குடுக்கிறப்ப, அய்யா நான் கும்பிடு போட்டவன்னு சொல்லவா முடியும்? ஆமான்னு தலையாட்டிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குழம்பு ஆறிப்போயிருந்தது. கிளிட்டஸுக்கு, வீரனை நினைத்து ஏங்கியதைவிட இந்தப் பயந்தவன் மேல்தான் பாசம் பொங்கியது. அந்த அறையில் காலையில் கம்பளி போர்த்திவிட்டவன் இவன்தான், அந்த வீரன் இல்லை.

அவர் சோற்றுக் கையையும் சேர்த்துக் கூப்பினார். "மாஃபி, மக்கா."

சேதுபதி கேட்கிற காதைத் திருப்பினான். "இது எந்த மாஃபி? அரபியா, இந்தியா?"

"இந்தி."

சேதுபதி சட்டென்று எட்டி அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். "எச்சிக் கையோட கும்பிடாத. யாரும் யார் முன்னாடியும் அப்படி நிக்கக் கூடாது மாப்ள, அது எனக்குத் தெரியும்." பிடித்த கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு, டாக்சிக்காரனிலிருந்து டாக்டர் வரை, காலை மிதித்துவிட்டவனிடமும் கடனை மறந்தவனிடமும் வளைகுடா முழுக்கச் சொல்கிற அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான்.

"மாஃபி முஷ்கில்."

பரவாயில்லை, ஒன்றுமில்லை, விடு. இத்தனைக்கும் சேர்த்து அவ்வளவுதான் அந்த வார்த்தை. கிளிட்டஸ் இலையில் மிச்சமிருந்த ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பேரீச்சம்பழத் துண்டு ஒன்று தட்டுப்பட்டது. அதையும் சாப்பிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சேதுபதி ஒரு டப்பாவில் குழம்பை ஊற்றி, மூடியை அழுத்தி, அற்புதராணியிடம் கொடுக்கச் சொன்னான். "ஒன் வீட்டம்மா சாப்பிட்டுட்டு என்ன சொல்றாங்கன்னு போன் போடு. திட்டுனா எனக்குத் தெரியாது, ரெசிப்பி ஒன்னோடது." வாசல் வரை வந்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் டாக்சி நின்றது.

"யல்லா, போ. பஸ்ஸ விட்ருவ."

கிளிட்டஸ் தெருவைத் தாண்டினார். டாக்சிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்று, உடம்பு முழுசாகத் திரும்பிப் பார்த்தார். சேதுபதி உள்ளே போகவில்லை. கரண்டியும் கையுமாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, எதையாச்சும் மறந்துட்டியா?" என்று தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

"ஒண்ணும் இல்ல மக்கா" என்றார் கிளிட்டஸ். "திரும்பிப் பாத்தேன்."